டாலர் காசு கையில் விழுந்தால் என்ன செய்வது?

அமெரிக்கா வந்த புதிதில் ஒருநாள், ரயில் நிலையத்து டிக்கெட் மெஷினில் இருபது டாலர் நோட்டைச் செருகினேன். டிக்கெட் வந்தது. பின்னாலேயே கலகலவென்று பொன்னிறக் காசுகள் கொட்டின. நோட்டு ஒன்றுகூட இல்லை. ஏதோ டோக்கன் போலிருக்கிறது, மெஷின் பழுதாகிவிட்டது என்று நினைத்து ஆள் தேடினேன். பக்கத்தில் நின்ற பெரியவர் ஒரு காசை எடுத்துப் பார்த்துவிட்டு, "டாலர்தான் தம்பி, செல்லும்" என்கிற தோரணையில் தலையாட்டினார்.

செல்லும்தான். ஆனால் மறுநாள் அதைக் காபிக் கடையில் நீட்டியபோது, கல்லாவில் நின்ற பையன் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மேனேஜரைக் கூப்பிட்டான். அவர் சரி என்றதும் வாங்கிக்கொண்டான். அப்புறம் அதை எங்கே போடுவது என்று தெரியாமல் கல்லாப்பெட்டியின் ஓரத்தில் தனியாக வைத்தான். பென்னி, நிக்கல், டைம், குவார்ட்டர் என்ற சின்னக் காசுகளுக்கெல்லாம் அதில் ஒரு குழி இருந்தது. டாலர் காசுக்கு இல்லை. இந்த நாட்டில் டாலர் காசின் கதை முழுவதும் அந்தப் பெட்டிக்குள் அடங்கிவிடும்.

முதலில் சில்லறையைப் பழகிக்கொள்ளுங்கள். நம் ஊர்க் காசில் பெரிதாக எண் இருக்கும். இங்கே அடையாளம் தெரிய வேண்டிய சில்லறையில் எண்ணே கிடையாது, எல்லாம் எழுத்தில்தான். போதாததற்கு பத்து சென்ட் டைம், ஐந்து சென்ட் நிக்கலைவிடச் சிறியது. முதல் வாரம் எல்லோரும் ஏமாறுகிற இடம் இது. ஒரு சென்ட் பென்னி அடிப்பதை 2025 நவம்பரில் நிறுத்திவிட்டார்கள்; ஏற்கெனவே இருப்பது செல்லும். இருபத்தைந்து சென்ட் குவார்ட்டரை மட்டும் வீணாக்காதீர்கள். பழைய அபார்ட்மென்ட் என்றால் துணி துவைக்கும் மெஷின் அதைத்தான் கேட்கும். வங்கியில் "ஒரு ரோல் குவார்ட்டர்" என்று கேட்டால் நாற்பது காசு, பத்து டாலருக்குத் தருவார்கள்.

டாலர் காசில் உங்கள் கையில் வரக்கூடியவை முக்கியமாக மூன்று. முதலாவது வெள்ளி நிறத்தில் இருக்கும். பெண்களின் வாக்குரிமைக்குப் போராடிய சூசன் பி. ஆந்தனியின் முகம் போட்டது, 1979இல் வந்தது. அளவும் நிறமும் குவார்ட்டரை ஒட்டியே இருந்ததால் ஜனங்கள் ஒரு டாலரைக் கால் டாலர் என்று நினைத்துக் கொடுத்துவிட்டுத் திட்டினார்கள். பாடம் கற்றுக்கொண்டு 2000இல் பொன்னிறத்தில் சகாஜவேயா காசை விட்டார்கள். அவள், நாட்டின் மேற்குப் பகுதியை ஆராயப் போன லூயிஸ், கிளார்க் பயணக் குழுவோடு மேற்குக் கரைவரை போன ஷோஷோனி பழங்குடிப் பெண். முதுகில் குழந்தையைக் கட்டிக்கொண்டு நம்மைத் திரும்பிப் பார்க்கிறாள். எனக்குக் கேட்டால் இந்த நாட்டுக் காசுகளிலேயே அழகானது இதுதான். மூன்றாவது, 2007 முதல் 2016 வரை பெரும்பாலும் ஆண்டுக்கு நால்வராக வந்த ஜனாதிபதி வரிசை. இதில் ஆண்டைத் தேடினால் முகத்தில் இருக்காது, விளிம்பில் பொறித்திருப்பார்கள். 2007 வாஷிங்டன் காசுகள் சில, விளிம்பில் எழுத்தே இல்லாமல் தவறி வெளியே வந்துவிட்டன. அப்படி ஒன்று கிடைத்தால் காபிக் கடையில் கொடுத்துவிடாதீர்கள், சேகரிப்பவர்கள் கூடுதல் விலை தருவார்கள்.

தங்கமா என்று ஊரிலிருந்து அம்மா கேட்பார். இல்லை. நூற்றுக்கு 88.5 பங்கு செம்பு, மீதி துத்தநாகம், மாங்கனீசு, நிக்கல். தங்கம் போலப் பேசி விற்கும் விளம்பரங்களில் மாட்டிக்கொள்ள வேண்டாம். அரசு நாணயச்சாலை தனியாக வெளியிடும் நினைவு வெள்ளி டாலர் வேறு சங்கதி. அதிலும் ஒரு டாலர் என்றுதான் பொறித்திருக்கும், ஆனால் உள்ளே உண்மையான வெள்ளி. அதை முகமதிப்புக்குச் செலவழிப்பது வெள்ளிக் கொலுசைப் பழைய இரும்புக்குப் போடுவது போல.

சரி, இவ்வளவு காசை அடித்துவிட்டு ஏன் யாரும் பயன்படுத்துவதில்லை? நோட்டை நிறுத்தவில்லை, அவ்வளவுதான். கனடாவைப் பாருங்கள். 1987இல் டாலர் காசு வந்தது, 1989இல் டாலர் நோட்டு வெளியிடுவதை நிறுத்தினார்கள். டொராண்டோவில் இருக்கும் நம் உறவினர்கள் லூன் பறவை போட்ட அந்தக் காசை 'லூனி' என்று செல்லமாகச் சொல்லிக்கொண்டு சாதாரணமாகச் செலவழிக்கிறார்கள். நோட்டும் காசும் ஒன்றாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு நமக்கு வெளிநாட்டு உதாரணம் வேண்டாம். செல்லும், வாங்குங்கள் என்று ரிசர்வ் வங்கி எத்தனை முறை சொல்லியும் தமிழ்நாட்டில் பல ஊர்க் கடைகளில் பத்து ரூபாய்க் காசை வாங்க மறுத்தார்களே, அதேதான்.

இங்கே கூத்து இன்னும் ஒருபடி மேலே போனது. காசைப் புழக்கத்தில் விட வேண்டும் என்று நாணயச்சாலை, தபால் செலவுகூட வாங்காமல் முகமதிப்புக்கே வீட்டுக்கு அனுப்பியது. சில புத்திசாலிகள் கிரெடிட் கார்டில் ஆயிரக்கணக்கில் வாங்கி, பெட்டியைக்கூடப் பிரிக்காமல் வங்கியில் கட்டி, அதே பணத்தில் கார்டு பில்லை அடைத்து, கார்டு பரிசாகத் தரும் விமான மைல்களை மட்டும் மிச்சம் பிடித்தார்கள்! 2011இல் கார்டை ஏற்பதை நிறுத்தினார்கள். அந்த டிசம்பரில் புழக்கத்துக்கு அடிப்பதையே நிறுத்தினார்கள். அப்போது மத்திய வங்கியின் பெட்டகங்களில் 140 கோடி காசு தூங்கிக்கொண்டிருந்தது. அதன்பின் வந்த ஜனாதிபதி காசுகளும், 2018 முதல் வரும் 'கண்டுபிடிப்பு' வரிசையும் சேகரிப்பவர்களுக்கு மட்டும்தான்.

நோட்டை ஒழித்துக் காசு மட்டும் வைத்தால் என்ன என்ற வாதம் அலுவலகத்தில் யாராவது எடுப்பார்கள். நானும் ஒருகாலத்தில் காசுக் கட்சிதான். நோட்டு கிழியும், காசு முப்பது வருஷம் உழைக்கும், கணக்கு எளிது என்று நினைத்தேன். நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகமும் 2011இல் அப்படித்தான் சொன்னது: முப்பது ஆண்டில் 550 கோடி டாலர் மிச்சமாகும். ஆனால் 2019இல் அதே அலுவலகம் திரும்பக் கணக்குப் போட்டு, மிச்சம் இல்லை, நஷ்டம்தான் என்றது. டாலர் நோட்டின் ஆயுள் முன்னைவிட நீண்டுவிட்டது. நோட்டைத் தரம்பிரிக்கும் இயந்திரங்கள் நல்ல நோட்டையும் சேர்த்துக் கழிப்பது குறைந்துவிட்டது. அதோடு, காசு வீட்டு டப்பாவில் போய் உட்கார்ந்துகொள்ளும், ஒரு நோட்டுக்குப் பதில் ஒன்றரைக் காசு அடிக்க வேண்டியிருக்கும். பஸ் போய்விட்டது என்பதுதான் இப்போது என் கட்சி. போனைத் தட்டிப் பணம் கட்டும் ஜனத்திடம் கனமான காசைத் திணிக்க முடியாது.

ஆகவே பர்ஸில் எப்போதும் ஏழெட்டு ஒரு டாலர் நோட்டு வைத்திருங்கள். ஹோட்டல் அறையைச் சுத்தம் செய்பவருக்கு, கார் எடுத்துவரும் பையனுக்கு டிப்ஸ் நோட்டாகவே கொடுங்கள். காசாகக் கொடுத்தால் சில்லறையைக் கழித்துக்கட்டுகிறோம் என்று நினைத்துக்கொள்வார்கள். கோயில் தீபாராதனைத் தட்டுக்கும் நோட்டுதான் வழக்கம்.

டாலர் காசுக்கு நம்மிடம் அசலான உபயோகம் ஒன்று உண்டு: மொய். நூறு டாலர் நோட்டை வைத்த கவரின்மேல் அந்த ஒற்றை ஒன்றை ஒட்ட வேண்டுமே! இங்கே கிடைக்கும் மொய் கவரில் பெரும்பாலும் இந்திய ஒரு ரூபாய்தான் ஒட்டியிருக்கும். நான் அதைப் பிய்த்துவிட்டு சகாஜவேயாவை ஒட்டுகிறேன். வங்கியில் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், இருபத்தைந்து காசு கொண்ட ரோலாகத் தருவார்கள். எனக்கு ஒரு ரோல் இரண்டு வருஷக் கல்யாணங்களுக்கு வருகிறது.