மலைக்குச் சைக்கிளில் போகும் டெல்டாக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருவையாறு, கல்லணை என்று ஆற்றங்கரையோரமாக மிதித்துப் பழகிய நமக்கு ஒரு நாளில் 80 கிலோமீட்டர் பெரிய தூரமில்லை. அந்தத் துணிச்சலில்தான் பச்சைமலைக்கும் கொல்லிமலைக்கும் மூன்று நாள் திட்டம் போடுகிறோம். முதல் தவறு அங்கேதான். மலைப்பாதையைத் தூரத்தால் அளக்கிறோம். அளக்க வேண்டியது ஏற்றத்தை.

கல்லணையைத் தாண்டிய காவிரி கடலைச் சேரும்வரை 100 மீட்டர்கூட இறங்குவதில்லை. கொல்லிமலைத் தார்ச்சாலையிலோ 70 கொண்டையூசி வளைவுகள். காட்டுப்பாதைக்கு அந்த வளைவுகளின் சலுகையும் கிடையாது. பல இடங்களில் செங்குத்தாக ஏறும். எங்கள் முதல் பயணத்தில் முதல் நாளுக்கு 60 கிலோமீட்டர் என்று எழுதிவைத்திருந்தோம். இருட்டும்போது 22 தான் ஆகியிருந்தது. அதிலும் பாதி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்த தூரம். இப்போது நாளுக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் எழுதுவதில்லை. ஒரு நாளைக் கையிருப்பாகவும் வைத்துக்கொள்கிறோம்.

அடுத்தது மூட்டை. கேரியரில் உரமூட்டையே ஏற்றிப்போகிற ஊர்க்காரர்கள் நாம். பழைய ட்யூபைக் கிழித்து இறுக்கிக் கட்டினால் போதும் என்று நினைத்துவிடுகிறோம். கல்பாதையில் அரை மணி நேரம் குலுங்கினால் அந்தக் கட்டு நெகிழும். என் பை மெல்லச் சரிந்து, அதன் வார் பின்சக்கரக் கம்பிகளுக்குள் போய்ச் சுற்றிக்கொண்டது. சக்கரம் நின்றது, நான் விழுந்தேன். கியர் மாற்றியைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் விரல் நீள உலோகத் துண்டு வளைந்துபோனது. அது சைக்கிளுக்குச் சைக்கிள் மாறும். அடிவாரக் கடைகளில் கிடைக்கும் என்று நம்பக் கூடாது. உங்கள் சைக்கிளுக்கு உரியதில் ஒன்றைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். தண்ணீர், ஸ்பானர் போன்ற கனமானவற்றைச் சட்டத்தின் நடுவே தாழ்வாகக் கட்டுங்கள். எல்லாம் பின்னால் இருந்தால் ஏற்றத்தில் முன்சக்கரம் தூக்கும்.

இறக்கம்தான் எனக்கு அதிகம் பயம் தருவது. நம் ஊரில் ஆடு மாடு குறுக்கே வந்தால்தான் பிரேக் பிடிக்கிறோம். மலையிறங்கும்போது விடாமல் பிடித்தால் ரிம் சூடேறி, ரப்பர் கருகும் வாடை வரும், பிடிமானமும் குறையும். பிடித்து விட்டு, பிடித்து விட்டு இறங்குங்கள். வாடை வந்தால் நின்று ஆறவிடுங்கள். புறப்படும் முன்பே புதிய பிரேக் கட்டைகளைப் போடுங்கள். உபரியாக ஒரு ஜோடி பையில் இருக்கட்டும்.

காலத்தைத் தேர்வதில் வயல் வேலையை மட்டும் பார்ப்பதும் தவறு. குறுவை அறுத்துக் கை ஓய்ந்திருக்கும் ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை இறங்கிவிடும். நேற்றைய ஒற்றையடிப்பாதை இன்று ஓடையாக இருக்கும். பங்குனி, சித்திரையில் ஓடைகள் வற்றி, காடு காய்ந்து கிடக்கும். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் பலர் உயிரிழந்தார்கள். சம்பா அறுவடை முடியும் தை, மாசிதான் நமக்கும் மலைக்கும் ஒத்துவரும் காலம். இரவுக் குளிருக்கு ஒரு கம்பளிச் சட்டை அவசியம். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறு டிகிரி குறையும்.

காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழையாதீர்கள். கைபேசி வரைபடத்தை முன்பே இறக்கிவைத்துக்கொள்ளுங்கள், சிக்னலை நம்பாதீர்கள். அதில் தெரியும் கோடுகளையும் முழுதாக நம்பாமல், ஒவ்வொரு ஊரிலும் ஆடு மேய்ப்பவர்களிடம் பாதை கேளுங்கள். எங்கே தங்குகிறீர்கள், எப்போது இறங்குவீர்கள் என்று வீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

ஏற்றமே இல்லாத ஊரில் எப்படிப் பழகுவது என்று கேட்பவர்களுக்கு: முழு மூட்டையையும் கட்டி, தண்ணீர் இல்லாத நாளில் கொள்ளிடத்து மணலில் சைக்கிளை ஒரு மணி நேரம் தள்ளிப் பாருங்கள். எதையெல்லாம் வீட்டிலேயே விட்டுச் செல்லலாம் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.