போக்சோ புகார் கொடுப்பது எப்படி? முதல் நாளிலிருந்து சாட்சிக் கூண்டு வரை

இது வழக்கறிஞர் எழுதும் கட்டுரை இல்லை. தெரிந்த ஒரு குடும்பத்துக்குத் துணையாகக் காவல் நிலையம், ஆஸ்பத்திரி, கோர்ட் என்று கூடவே அலைந்தவன் எழுதுவது. அந்தக் குழந்தையைப் பற்றி இங்கே ஒரு வரிகூட இருக்காது. ஊர், பள்ளி, வயது, உறவு எதையும் சொல்லப் போவதில்லை. குழந்தை யாரென்று கண்டுபிடிக்க வழிவிடும் எந்தத் தகவலையும் எந்த ஊடகத்திலும் வெளியிடக் கூடாது என்கிறது, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு. மீறினால் 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

சட்டத்தைப் பற்றித் தேவையானது மட்டும்: போக்சோ 2012இல் நிறைவேறி, அதே ஆண்டு நவம்பர் 14 முதல் நடைமுறையில் இருக்கிறது. 18 வயது நிறையாத எல்லோரும் இதில் குழந்தைதான். பையன்களுக்கும் அப்படியே பொருந்தும். உடலைத் தொட்டால்தான் குற்றம் என்றும் இல்லை. ஆபாசமாகப் பேசுவது, படம் காட்டுவது, இணையத்தில் விடாமல் துரத்துவது எல்லாம் 11ஆம் பிரிவில் வருகின்றன. 17 வயதுப் பிள்ளை 'சம்மதித்தது' என்ற வாதம் இந்தச் சட்டத்தில் எடுபடாது. வயது நெருங்கிய காதல் ஜோடிகளின் வழக்குகளில் இது சரியா என்று உயர் நீதிமன்றங்களே கேள்வி எழுப்பியிருக்கின்றன. அது பெரிய விவாதம், இந்தப் பதிவில் வேண்டாம்.

படி 1: கேளுங்கள், விசாரிக்காதீர்கள்

குழந்தை ஒருவரிடம் சொல்லியிருக்கிறதா? அந்த ஒருவரே போதும். அம்மாவிடம் சொன்னதை அப்பாவிடம், பாட்டியிடம், அத்தையிடம் என்று திரும்பத் திரும்பச் சொல்ல வைக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் குழந்தைக்கு வலி. அதோடு, ஒவ்வொரு முறையும் சொற்கள் கொஞ்சம் மாறும். அந்த மாற்றத்தைத்தான் பின்னால் எதிர்த்தரப்பு வக்கீல் கையில் எடுப்பார். "பெரியவர்கள் சொல்லிக்கொடுத்தது" என்பது இந்த வழக்குகளில் வழக்கமாக வரும் வாதம்.

சொன்னதைக் குழந்தையின் சொற்களிலேயே, மழலை இருந்தால் மழலையோடு, ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். தேதி, நேரம், பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பதையும் சேர்த்து. திருத்தி எழுதி அழகுபடுத்த வேண்டாம்.

படி 2: ஆஸ்பத்திரி

போலீஸ் கடிதம் இல்லாமல் பார்க்க மாட்டோம் என்று யாராவது சொன்னால் அது தவறு. முதல் தகவல் அறிக்கை (எஃப்.ஐ.ஆர்.) பதிவாகும் முன்பே மருத்துவப் பரிசோதனை செய்யலாம் என்கிறது 27ஆம் பிரிவு. அவசரச் சிகிச்சைக்கு எந்தக் கடிதமும் கேட்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டு போக்சோ விதிகளிலும் இருக்கிறது. தனியார் மருத்துவமனையும் இலவசமாக முதலுதவியும் சிகிச்சையும் தர வேண்டும். மறுப்பது தனிக் குற்றம். பெண் குழந்தை என்றால் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும். பெற்றோரோ குழந்தை நம்பும் ஒருவரோ கூடவே இருக்கலாம். பிறப்புறுப்புக்குள் விரல்விட்டுப் பார்க்கும் 'இரு விரல் பரிசோதனை'யை உச்ச நீதிமன்றம் தடுத்திருக்கிறது. யாராவது அதற்குத் தயாரானால் தைரியமாக மறுத்துவிடுங்கள்.

சம்பவம் நடந்து அதிக நேரம் ஆகவில்லை என்றால் குளிப்பாட்டும் முன் கிளம்புவது நல்லது. போட்டிருந்த உடையைத் துவைக்காமல் காகிதப் பையில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கித் தடயம் கெட்டுவிடும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும் என்பதால் அதைப் பற்றி நீங்களே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். அந்த நேரம் கடந்துவிட்டது என்பதற்காகப் புகாரே கொடுக்க முடியாது என்று நினைத்துவிட வேண்டாம். மருத்துவத் தடயம் இல்லாமலேயே தண்டனை கிடைத்த வழக்குகள் உண்டு.

படி 3: எங்கே போவது

எந்தக் காவல் நிலையத்துக்கும் போகலாம். அனைத்து மகளிர் காவல் நிலையம் பக்கத்தில் இருந்தால் என் ஓட்டு அதற்குத்தான். "எங்க எல்லை இல்ல" என்று திருப்பி அனுப்ப முடியாது. எல்லை எதுவானாலும் பதிவு செய்துவிட்டு உரிய நிலையத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டியது அவர்கள் வேலை. நேரில் போகத் தயக்கமாக இருந்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குக் கூப்பிடுங்கள்.

பள்ளியிலோ விடுதியிலோ நடந்திருந்தால், "உள்விசாரணை முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்பார்கள். காத்திருக்காதீர்கள். குற்றம் நடந்தது தெரிந்தும் சொல்லாமல் இருப்பதே 21ஆம் பிரிவின்படி குற்றம். நிறுவனப் பொறுப்பாளர் என்றால் ஓராண்டு வரை சிறையும் அபராதமும். நல்லெண்ணத்தோடு தகவல் சொன்னவர் மீது வழக்குப் போட முடியாது என்று 19ஆம் பிரிவில் தெளிவாக எழுதியிருக்கிறது. அதைத் தலைமையாசிரியர்களுக்கு யாராவது சொன்னால் பரவாயில்லை.

படி 4: புகார் எழுதுவது

கையால் எழுதுங்கள். டைப் செய்து தரும் கடைக்குப் போகவே போகாதீர்கள். உங்கள் பின்னால் வரிசையில் நிற்பவர் வரை படிப்பார். அந்தக் கோப்பு கடைக் கம்ப்யூட்டரில் குழந்தையின் பெயரோடு கிடக்கும். ஜெராக்ஸ் எடுக்கும்போதும் அப்படித்தான். சரியாக விழாத தாளைக் கசக்கிக் கடைக் கூடையில் போடாமல் வீட்டுக்கு எடுத்து வாருங்கள்.

புகாரில் என்ன, எப்போது, எங்கே, யார், குழந்தை யாரிடம் முதலில் சொன்னது என்பவை போதும். தேதி சரியாகத் தெரியாவிட்டால் "அரைப்பரீட்சை விடுமுறைக்கு முந்தைய வாரம்" என்று தெரிந்ததை எழுதுங்கள். ஊகித்துத் தேதி போடாதீர்கள். சட்டப் பிரிவு எண்களை நீங்கள் எழுத வேண்டியதில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவர் வாய்மொழியாகச் சொல்லலாம். அவர்கள் எழுதி, திரும்ப வாசித்துக் காட்ட வேண்டும்.

படி 5: கையில் கிடைத்த தாள் எது?

எங்களைச் சுற்றவிட்டது இந்த இடம்தான், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் புகார் கொடுத்தால் பல நேரம் ஒரு ரசீது தருவார்கள். அதில் சி.எஸ்.ஆர். எண் இருக்கும். முத்திரை, கையெழுத்து எல்லாம் இருப்பதால் வழக்குப் போட்டுவிட்டார்கள் என்று நினைத்து வீட்டுக்கு வந்துவிடுவோம். ஆனால் அது "உங்கள் மனுவை வாங்கிக்கொண்டோம்" என்பதற்கான சீட்டு மட்டுமே. வழக்கு இன்னும் பதிவாகவில்லை. அந்த இடைவெளியில்தான் "ரெண்டு தரப்பையும் கூப்பிட்டுப் பேசுவோம்" என்ற பேச்சு கிளம்பும்.

போக்சோவில் அந்த இடைவெளிக்கு இடமில்லை. முதல் தகவல் அறிக்கை பதிவு செய்து, புகார் கொடுத்தவருக்கு நகலை இலவசமாகத் தர வேண்டும் என்று 2020 விதிகளின் 4ஆம் விதி சொல்கிறது. எனவே தாள் கைக்கு வந்ததும் அங்கேயே நின்று பாருங்கள். மேலே "முதல் தகவல் அறிக்கை" என்று இருக்கிறதா? காவல் நிலையம், ஆண்டு, குற்ற எண் இருக்கிறதா? சட்டம், பிரிவு என்ற இடத்தில் போக்சோ சட்டம் 2012 என்று எழுதியிருக்கிறதா? மூன்றும் இருந்தால் சரி.

அப்புறம் பிரிவு எண்ணையும் பாருங்கள். குழந்தை 12 வயதுக்குக் கீழே இருந்தால், செய்தவர் உறவினராகவோ ஆசிரியராகவோ பள்ளி ஊழியராகவோ போலீஸ்காரராகவோ இருந்தால், திரும்பத் திரும்ப நடந்திருந்தால், அது சட்டத்தின் பார்வையில் கடுமையான வகை. உதாரணமாக, பாலியல் தாக்குதலுக்கு 8ஆம் பிரிவில் தண்டனை 3 முதல் 5 ஆண்டு. அதே செயலைப் பள்ளி ஊழியர் செய்தால் 10ஆம் பிரிவு, 5 முதல் 7 ஆண்டு. 2019 திருத்தத்துக்குப் பிறகு மிகக் கொடிய வகையான 6ஆம் பிரிவில் குறைந்தபட்சமே 20 ஆண்டு. சரியான பிரிவு போடவில்லை என்று தோன்றினால் சண்டை வேண்டாம், எழுத்தில் ஒரு மனு கொடுங்கள். விசாரணையில் பிரிவுகளை மாற்றவும் சேர்க்கவும் முடியும்.

பதிவு செய்யவே மறுத்தால், புகாரின் நகலை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு, மாநகரம் என்றால் ஆணையருக்கு, ஒப்புகையோடு தபாலில் அனுப்புங்கள். வாட்ஸாப்பில் அனுப்பி நீல டிக் வந்ததை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். ஒப்புகைச் சீட்டு கோர்ட்டில் நிற்கும். அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். போக்சோ சிறப்பு நீதிமன்றத்திலும் நேரடியாக முறையிடலாம். புகாரைப் பதிய மறுத்த அதிகாரி மீதும் 21ஆம் பிரிவு பாயும் என்பதை மனுவில் மரியாதையாக ஒரு வரி குறிப்பிட்டாலே சில நேரம் வேலை நடக்கும்.

சமாதானப் பேச்சைப் பற்றி ஒன்று. ஊர்ப் பெரியவர், கட்சிக்காரர், சொந்தக்காரர் என்று யாராவது வருவார்கள். "பொண்ணோட எதிர்காலம்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். பெற்றோர் சமரசம் ஆகிவிட்டார்கள் என்பதற்காக இந்த வழக்கை ரத்து செய்ய முடியாது என்று ராஜஸ்தான் வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் தீர்ப்பளித்திருக்கிறது. அந்தத் தீர்ப்பைச் சொல்லியே கதவைச் சாத்தலாம்.

படி 6: வாக்குமூலம்

குழந்தையைக் காவல் நிலையத்துக்கு அழைத்துப் போக வேண்டியதில்லை. வீட்டிலோ குழந்தை விரும்பும் இடத்திலோ வைத்துக் கேட்க வேண்டும். கேட்பவர் சீருடையில் இருக்கக் கூடாது. முடிந்தவரை சப்-இன்ஸ்பெக்டர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரியாக இருக்க வேண்டும். இரவில் குழந்தையை நிலையத்தில் வைத்திருக்கவே கூடாது. போனில் நேரம் கேட்டால், குழந்தை சாப்பிட்டுத் தூங்கி எழுந்த நேரமாகப் பார்த்துச் சொல்லுங்கள்.

பிறகு மாஜிஸ்திரேட் முன் வாக்குமூலம். முன்பு பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 164ஆம் பிரிவு என்பார்கள், இப்போது அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 183. கோர்ட் வட்டாரத்தில் இன்னும் 164 என்றுதான் பேசிக்கொள்கிறார்கள், குழம்ப வேண்டாம். எதிர்த்தரப்பு வக்கீல் அங்கே இருக்க முடியாது. குழந்தை சொல்வதைச் சொன்னபடியே பதிவு செய்வார்கள். முந்தின நாள் ஒத்திகை பார்க்காதீர்கள். "தெரியாதுன்னா தெரியாதுன்னு சொல்லு, ஞாபகம் இல்லன்னா இல்லன்னு சொல்லு, யாரும் திட்ட மாட்டாங்க" என்பது மட்டும் போதும். பேச்சு வராத குழந்தை, மாற்றுத்திறன் உள்ள குழந்தை என்றால் சிறப்புக் கல்வியாளரோ மொழிபெயர்ப்பாளரோ வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள்.

படி 7: வயதுச் சான்று

சாதாரண விஷயம் என்று நினைப்போம். குழந்தை 18க்குக் கீழே என்று நிரூபணமாகவில்லை என்றால் போக்சோவே நிற்காது. ஆதார் அட்டை வயதுக்கு ஆதாரம் ஆகாது. மாற்றுச் சான்றிதழும் (டி.சி.) பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டு நகலும் மட்டும் போதாது என்று தமிழ்நாட்டிலிருந்து போன யுவபிரகாஷ் வழக்கில் 2023இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எடுபடுபவை இந்த வரிசையில்: பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ், அவை இல்லாவிட்டால் மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி தரும் பிறப்புச் சான்றிதழ், அதுவும் இல்லாவிட்டால்தான் எலும்புப் பரிசோதனை. பல வீடுகளில் பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயர் இருக்காது. முதல் வாரத்திலேயே எடுத்துப் பார்த்து, பெயரைச் சேர்க்கும் வேலையைத் தொடங்குங்கள்.

படி 8: நலக் குழு, ஆதரவு நபர், பணம்

போலீஸ் 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் தகவல் தர வேண்டும். குழுவிடம் ஆதரவு நபர் ஒருவரைக் கேளுங்கள். விசாரணை முடியும் வரை கூடவே வருவார். பிடிக்கவில்லை என்றால் மாற்றச் சொல்லலாம். வழக்கு முடிந்தால்தான் இழப்பீடு என்று நினைத்திருப்பவர்கள் நிறைய. எஃப்.ஐ.ஆர். பதிவான பிறகு எந்தக் கட்டத்திலும் சிறப்பு நீதிமன்றத்தில் இடைக்கால இழப்பீடு கேட்கலாம். உத்தரவு வந்த 30 நாளுக்குள் அரசு கொடுக்க வேண்டும். இலவச வக்கீலுக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு.

படி 9: நீதிமன்றம்

விசாரணை மூடிய அறையில். வக்கீல்கள் குழந்தையிடம் நேராகக் கேள்வி கேட்க முடியாது, நீதிபதி வழியாகத்தான் கேட்க வேண்டும். குழந்தை குற்றம் சாட்டப்பட்டவரைப் பார்க்காதபடி திரையோ வீடியோ இணைப்போ உண்டு. வழக்கை எடுத்துக்கொண்ட 30 நாளுக்குள் குழந்தையின் சாட்சியத்தைப் பதிவு செய்ய வேண்டும், இயன்றவரை ஓராண்டுக்குள் வழக்கை முடிக்க வேண்டும் என்பது 35ஆம் பிரிவு. நடப்பில் இழுக்கும், தயாராக இருங்கள்.

ஒரு சிக்கலைச் சொல்லியாக வேண்டும். இந்தப் பாதுகாப்பெல்லாம் கூடத்துக்கு உள்ளேதான். வெளியே வராந்தாவில் அந்த ஆளும் அவர் வீட்டாரும் நிற்பார்கள், ஒரே பெஞ்சுதான் இருக்கும். சம்மன் வந்ததுமே அரசு வழக்கறிஞரிடமும் ஆதரவு நபரிடமும் தனிக் காத்திருப்பு அறை வேண்டும் என்று சொல்லிவையுங்கள். பல மாவட்டங்களில் பாதிப்புக்குள்ளாகக்கூடிய சாட்சிகளுக்கென்று தனி மையமே இருக்கிறது. கேட்டால்தான் திறப்பார்கள்.

பின்சேர்க்கை (வாசகர்கள் கேட்டதால்)

"பத்து வயதில் நடந்தது, இப்போது எனக்கு 24. புகார் கொடுக்கலாமா?" கொடுக்கலாம். மூன்றாண்டுக்கு மேல் தண்டனை உள்ள குற்றங்களுக்குக் காலவரம்பு இல்லை. ஆனால் சம்பவம் 2012 நவம்பர் 14க்கு முன்பு என்றால் போக்சோ பொருந்தாது, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில்தான் வழக்கு வரும்.

"புகார் நிரூபணமாகவில்லை என்றால் எங்கள் மீது வழக்கு வருமா?" வராது. கெட்ட நோக்கத்தோடு தெரிந்தே பொய் சொன்னால்தான் 22ஆம் பிரிவு. குழந்தை சொன்னது பொய்யென்றே ஆனாலும் குழந்தைக்குத் தண்டனை இல்லை.

"குழந்தையின் படம் ஒருவர் போனில் இருக்கிறது. ஆதாரத்துக்காக என் போனுக்கு அனுப்பிக்கொள்ளலாமா?" வேண்டவே வேண்டாம். குழந்தைகளின் பாலியல் படங்களை அனுப்புவதும் வைத்திருப்பதும் 15ஆம் பிரிவில் குற்றம். 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இதை இன்னும் இறுக்கிச் சொன்னது. வக்கீலுக்குக்கூட ஃபார்வர்டு செய்யாதீர்கள். யாருடைய போன், எந்தச் செயலி, எந்தக் கணக்கு, எப்போது பார்த்தீர்கள் என்று எழுதிப் போலீஸிடம் கொடுங்கள். உங்கள் போனுக்கே வந்துவிட்டிருந்தால் யாருக்கும் அனுப்பாமல் உடனே தகவல் சொல்லி, போனை அப்படியே ஒப்படைத்து, கைப்பற்றியதற்கான மகஜர் நகலை வாங்கிக்கொள்ளுங்கள்.