கடையில் வாங்கிய மீனில் வெள்ளைப்புள்ளியா? மலையில் இருப்பவர்கள் இப்படிச் செய்து பாருங்கள்

மேட்டுப்பாளையத்தில் தொட்டியில் வளர்க்க மீன் வாங்கி, தண்ணீர்ப் பையை மடியில் வைத்துக்கொண்டு கோத்தகிரி பஸ் ஏறினால், வீடு வந்து சேர்வதற்குள் அந்தத் தண்ணீர் சில்லிட்டுப் போயிருக்கும். குளிரில் மீன் தளர்ந்துவிடும், அதன் உடம்பில் ஏற்கெனவே ஓரிரண்டாக இருந்த வெள்ளைப்புள்ளி நோயின் ஒட்டுண்ணி அப்போதுதான் பெருகத் தொடங்கும். என் முதல் எட்டு மோலி மீன்களில் ஆறு இப்படித்தான் செத்தன. மருந்து போடாமல் இல்லை, ஐந்து நாள் போட்டேன், புள்ளிகள் உதிர்ந்தன, சரியாகிவிட்டது என்று நிறுத்தினேன். அடுத்த வாரமே முன்னைவிட அதிகமாக வந்துவிட்டன.

ஏன் என்று புரிந்துகொண்டால் மீதி எல்லாம் எளிது. நாம் பார்க்கும் புள்ளிக்குள் இருக்கும் ஒட்டுண்ணி மீனின் மேல்தோலுக்கு அடியில் இருப்பதால் மருந்து அதைத் தொடாது. வளர்ந்ததும் உதிர்ந்து, கூழாங்கல்லில் ஒட்டிக்கொண்டு, தன்னைச் சுற்றி ஒரு கூடு உண்டாக்கி உள்ளே நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிரியும். அந்தக் குஞ்சுகள் வெளியே வந்து மீனைத் தேடி நீந்துகிற ஓரிரு நாள் இருக்கிறதே, அப்போது மட்டும்தான் உப்போ மருந்தோ அவற்றைக் கொல்லும். 25 டிகிரியில் இந்தச் சுற்று ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும். 15 டிகிரியில் இரண்டு வாரம்போல் ஆகும், 10 டிகிரியில் ஒரு மாதத்தையும் தாண்டும். சமவெளிக் கணக்கில் ஐந்து நாள் போட்டால் மலையில் குஞ்சுகள் இன்னும் கூட்டுக்குள்ளேயே இருக்கும்.

முதலில் அது வெள்ளைப்புள்ளிதானா என்று பாருங்கள். டார்ச்சைத் தொட்டியின் பக்கவாட்டில் பிடித்தால் செதிலிலும் வாலிலும் ரவை ஒட்டியதுபோல் தனித்தனியாகத் தெரியும், மீன் கல்லில் உரசிக்கொண்டு ஓடும், செவுள் வேகமாக அடிக்கும். தங்கமீனில் செவுள் மூடியிலும் முன்துடுப்பின் முன்னோரத்திலும் மட்டும் வரிசையாகப் புள்ளி இருந்தால் அது பெரும்பாலும் இனப்பெருக்கக் காலத்து ஆண் மீன், நோய் இல்லை. பொன் தூள் தூவியதுபோல் மினுமினுத்தால் அது வேறு ஒட்டுண்ணி.

புள்ளி உறுதியானதும் மீனைத் தனியாகப் பிரிக்காதீர்கள், தொட்டி முழுக்க அது பரவியிருக்கும், தொட்டிக்கே வைத்தியம் செய்ய வேண்டும். பில்டரில் கார்பன் இருந்தால் எடுத்துவிடுங்கள், மருந்து போட்டால் அதை உறிஞ்சிவிடும்.

அடுத்தது சூடு. மோலி, கப்பி போன்ற வெப்பநீர் மீன்களுக்கு நாளுக்கு இரண்டு மூன்று டிகிரியாக ஏற்றி 30-க்குக் கொண்டுவாருங்கள், அந்தச் சூட்டில் இந்த ஒட்டுண்ணி பெரும்பாலும் பெருகாது. டிசம்பரில் எங்கள் வீட்டு அறை 15 டிகிரிதான், 50 லிட்டர் தொட்டிக்கு 50 வாட் ஹீட்டரில் சூடு ஏறவே இல்லை, 100 வாட் போட்ட பிறகுதான் 30-ல் நின்றது. ஐப்பசி மழையில் கரண்ட் போனால் தொட்டியின் நான்கு பக்கமும் தெர்மாகோல் சாய்த்துக் கம்பளி போர்த்துவேன், மேல்பக்கம் மட்டும் காற்றுக்கு இடம் விட்டு.

ஏர் பம்ப் இல்லாமல் சூடு ஏற்றவே ஏற்றாதீர்கள். கடல் மட்டத்தில் 15 டிகிரி தண்ணீரில் லிட்டருக்கு 10 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், 30 டிகிரியில் 7.5 தான். கோத்தகிரி 1800 மீட்டர் உயரம், காற்றழுத்தம் ஐந்தில் நான்கு பங்குதான், அதனால் நமக்கு அதுவும் 6-க்கு வந்துவிடும். செவுள் ஏற்கெனவே புண்ணாகியிருக்கும் மீனுக்கு இது உயிர்ப் பிரச்சினை. இரவும் பகலும் குமிழி வர வேண்டும்.

அப்புறம் உப்பு. வேறு எதுவும் கலக்காத கல் உப்பு, லிட்டருக்கு 2 கிராம், அதாவது 50 லிட்டருக்கு 100 கிராம். ஒரேயடியாகக் கொட்டாமல், தொட்டித் தண்ணீரிலேயே கரைத்து, மூன்று பங்காக, ஒன்றரை நாளில் ஊற்றுங்கள். கோரிடோரஸ், லோச் மாதிரி அடிமட்ட மீன்கள் இருந்தால் பாதி போதும். செடிகள் வாடலாம். செம்பு சேர்ந்த மருந்தை நான் தொடுவதில்லை, மலைத் தண்ணீர் மென்மையானது, மென்மையான தண்ணீரில் செம்பின் நஞ்சு கூடும், நத்தையும் இறாலும் தப்பாது.

ஒருநாள் விட்டு ஒருநாள் சைபன் குழாயால் கல்லின் இடுக்கைக் கிளறி உறிஞ்சி 15 லிட்டர் மாற்றுங்கள், கூடுகள் அங்கேதான் இருக்கின்றன. புதுத் தண்ணீரைக் குளோரின் போக வைத்து, வெந்நீர் கலந்து, தெர்மாமீட்டரில் தொட்டிச் சூட்டுக்குச் சமமாக்கி, எடுத்த 15 லிட்டருக்கு மட்டும் 30 கிராம் உப்பு சேர்த்து ஊற்றுங்கள்.

கடைசிப் புள்ளி மறைந்த நாளிலிருந்து இன்னொரு வாரம் தொடருங்கள், மொத்தம் இரண்டு வாரத்துக்குக் குறையக் கூடாது. இந்த இடத்தில்தான் நான் தோற்றேன். தங்கமீனுக்கு 30 வேண்டாம், 22 டிகிரியில் நிறுத்தி லிட்டருக்கு 3 கிராம் உப்போடு மூன்று வாரம் வைத்திருங்கள். முடிந்ததும் சூட்டை ஏற்றிய வேகத்திலேயே இறக்குங்கள், தண்ணீர் மாற்ற மாற்ற உப்பு போய்விடும்.

இனி வாங்கும் மீனை மூன்று வாரம் ஹீட்டர் போட்ட தனி டப்பில் வையுங்கள். அந்த டப்பில் நனைத்த வலையை நன்றாகக் காயவைக்காமல் பெரிய தொட்டிக்குள் விடாதீர்கள்.