டியர் 1 பெருசா டியர் 4 பெருசா? நம்பர பாத்து ஏமாறாம இருக்க

டியர்னு தமிழ்ல எழுதினா லெட்டர் ஆரம்பிக்கிற மாதிரி இருக்கு, ஆனா நான் சொல்றது அடுக்கு, படிநிலைனு அர்த்தம் வர்ற டியர். ஒருதடவை ஒரு சாஃப்ட்வேர் மக்கர் பண்ணுதுனு கஸ்டமர் சப்போர்ட்டுக்கு எழுதினேன், உங்க டிக்கெட்ட டியர் 3க்கு மாத்திட்டோம்னு பதில் வந்துச்சு, மூணாம் தரம்னு ஓரங்கட்டிட்டாங்க போலனு எனக்கு ஒரே கடுப்பு. அப்புறம்தான் தெரிஞ்சது, சப்போர்ட்ல டியர் 1னா முதல்ல போன எடுக்கிறவங்க, ரீஸ்டார்ட் பண்ணி பாத்தீங்களானு கேக்குறவங்க, டியர் 3 தான் ப்ராடக்ட்ட அக்குவேறா ஆணிவேறா தெரிஞ்ச ஆளுங்க.

அதனால டியர்னு கண்ணுல பட்டா மொதல்ல நம்பர் எந்தப் பக்கம் ஏறுதுனு பாருங்க. சர்வரெல்லாம் வெச்சு ஓட்டுற டேட்டா சென்டர்களுக்கு அப்டைம் இன்ஸ்டிட்யூட்ங்கிற அமைப்பு குடுக்கிற ரேட்டிங் 1ல இருந்து 4 வரைக்கும், 4 தான் உசத்தி. டியர் 3னா பராமரிப்பு வேலைக்காக எதையும் ஆஃப் பண்ண வேணாம், ஒரு லைன கழட்டினாலும் இன்னொன்னுல ஓடும். டியர் 4ல திடீர்னு ஏதாவது புட்டுக்கிட்டாலும் சர்வர் நிக்கக்கூடாது. வருஷத்துல இவ்ளோ நேரம் நிக்காம ஓடும்னு டியர் 1க்கு வழக்கமா சொல்ற 99.671 சதவீதம் பாக்க சூப்பரா இருக்கும், வருஷத்துக்கு போட்டு பாத்தா கிட்டத்தட்ட 28.8 மணி நேரம் படுத்துரும், டியர் 4க்கு சொல்ற 99.995ல வெறும் 26 நிமிஷம்தான். கேம்ல எந்த கேரக்டர் உசத்தினு தரம் பிரிக்கிற டியர் லிஸ்ட்ல வழக்கமா நம்பரே கிடையாது, ஏ கிரேடுக்கும் மேல எஸ், அது ஜப்பான் கிரேடிங்ல இருந்து வந்த பழக்கம்.

அடுத்தது எங்க இருந்து எண்றாங்கனு பாக்கணும். கார் கம்பெனிக்கு முழு சீட்ட நேரா குடுக்கிறவன் டியர் 1 சப்ளையர், அந்த சீட்டுக்குள்ள போற மோட்டார அவனுக்கு குடுக்கிறவன் டியர் 2. இது தரம் இல்ல, தூரம். ஒரே கம்பெனி ஒருத்தருக்கு டியர் 1ஆவும் இன்னொருத்தருக்கு டியர் 2ஆவும் இருக்கலாம், நிறைய பேர் இதுலதான் குழம்புறாங்க.

பேங்க்ல டியர் 1 மூலதனம்னா பேங்க் ஓடிட்டு இருக்கும்போதே நஷ்டத்த தாங்குற காசு, டியர் 2 பேங்க் கவுந்த பிறகு தாங்குறது. பாசல் 3ங்கிற சர்வதேச பேங்க் விதிப்படி, ரிஸ்குக்கு ஏத்த மாதிரி கணக்கு போட்ட சொத்து மதிப்புல குறைஞ்சது 6 சதவீதம் டியர் 1 இருக்கணும், ரெண்டும் சேத்து 8. அதனால மொத்தத்த மட்டும் பாக்காதீங்க, அதுல டியர் 1 எவ்ளோனு பாருங்க.

கடைசியா, பேர் வெச்சது யாரு? மேல சொன்ன பேங்க், டேட்டா சென்டருக்கெல்லாம் எழுதி வெச்ச ஸ்டாண்டர்ட் இருக்கு. ப்ரோ, பிரீமியம்னு வர்ற விலை டியரெல்லாம் விக்கிறவன் இஷ்டம், அங்கதான் கால்குலேட்டர எடுக்கணும். முதல் 100 யூனிட்டுக்கு தலா 10 ரூபா, அதுக்கு மேல தலா 8னு போட்டிருக்கான்னு வைங்க, நீங்க 120 வாங்குறீங்க. அடுக்கடுக்கா கணக்கு போட்டா 1000 கூட 160, ஆக 1160. மேல் டியருக்கு போயிட்டா எல்லா யூனிட்டுக்கும் 8 தான்னா 960. ரெண்டையுமே டியர் பிரைசிங்னுதான் சொல்றாங்க, அதனால ஆர்டர் போடுறதுக்கு முன்னாடியே 120க்கு மொத்தம் எவ்ளோனு எழுத்துல கேட்டு வாங்கிருங்க.