புகை டெஸ்டில் ஃபெயிலான பழைய டீசல் பிக்கப்: நாசிலைக் கழற்றும் முன் இதைப் பாருங்கள்

என்னிடம் இருப்பது 2009 மாடல் டீசல் பிக்கப். டர்போ கிடையாது, சென்சார் கிடையாது, இன்ஜினுக்கு டீசல் தள்ளுவது பழைய மெக்கானிக்கல் பம்ப். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு முருங்கையும் தக்காளியும் ஏற்றிப் போவதுதான் அதன் வேலை. போன தடவை எஃப்சிக்கு முன்னால் புகைச் சான்று எடுக்கப் போனேன். மெஷினைப் பார்த்த பையன், "அண்ணே, 3.4 காட்டுது, ஆகாது" என்று சொல்லிவிட்டான். அதைச் சரிசெய்ய மூன்று வாரமும் ஏழாயிரத்துச் சொச்ச ரூபாயும் போனது. கடைசியில் பார்த்தால், கோளாறு இருந்தது நானே வாங்கி மாட்டிய ஒரு ரப்பர் குழாயில். நீங்களும் அந்தச் சுற்றுச் சுற்ற வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

பெட்ரோல் வண்டிக்காரர்கள் இதை வைத்து எதையும் கழற்றாதீர்கள். அங்கே அளப்பதே வேறு.

முதலில் ஸ்கிரீனைப் பாருங்கள்

டீசல் வண்டியை நியூட்ரலில் வைத்து ஆக்சிலேட்டரை ஒரே மிதியாக முழுக்க மிதித்து விடுவார்கள். சைலன்சர் வாயில் செருகிய குழாய் வழியாகப் புகையின் அடர்த்தியை மெஷின் அளக்கும். கே மதிப்பு என்று வருவது அதுதான். பிஎஸ் 4 (பாரத் ஸ்டேஜ் என்ற அரசின் புகை விதி) வருவதற்கு முந்தைய டீசல் வண்டிக்கு 2.45 வரை விடுவார்கள். பிஎஸ் 4 என்றால் 1.62. சில இடங்களில் ஹார்ட்ரிட்ஜ் கணக்கில் 65, 50 என்று போட்டிருக்கும். அளவு ஒன்றுதான், கணக்குதான் வேறு.

சராசரியை மட்டும் கேட்டுக்கொண்டு வந்துவிடாதீர்கள். பல தடவை மிதிப்பார்கள் இல்லையா, ஒவ்வொன்றுக்கும் என்ன வந்தது என்று பாருங்கள். முதலில் 4, அப்புறம் 3, அப்புறம் 2.6 என்று இறங்கிக்கொண்டே வந்தால் வண்டி சூடாகவில்லை, இல்லையென்றால் சைலன்சரில் கரி தேங்கியிருக்கிறது. எனக்கு 3.5, 3.3, 3.4, 3.4. இறங்கவே இல்லை. அப்படி இருந்தால் உள்ளே உண்மையிலேயே கோளாறு.

நிறத்தையும் பாருங்கள். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது; அது ரிங், வால்வு சமாச்சாரம், இந்தப் பதிவு உதவாது. சூடான பிறகும் வெள்ளையாக வந்தால் டீசல் எரியாமல் வெளியேறுகிறது, அல்லது தண்ணீர் கலக்கிறது. கறுப்புப் புகை என்றால் டீசலுக்கு ஏற்ற காற்று இல்லை. இனி சொல்வதெல்லாம் கறுப்புப் புகைக்குத்தான்.

ஏர் ஃபில்டர்

புதிது மாட்டுங்கள். காற்றடித்து ஓட்டலாம் என்பவர்கள் உண்டு; டெஸ்டுக்குப் போகும்போது அந்தக் கஞ்சத்தனம் வேண்டாம். அடித்தே ஆகவேண்டும் என்றால் உள்பக்கத்திலிருந்து வெளியே அடிக்க வேண்டும், வெளியிலிருந்து உள்ளே அல்ல. பெட்டியின் அடியில் தேங்கிய மண்ணையும் துடைத்துவிடுங்கள். நான் மாற்றியதில் 3.4 என்பது 3.2 ஆனது. அவ்வளவுதான்.

நான் சறுக்கிய இடம்

இங்கேதான் அவசரப்பட்டேன். ஃபில்டர் மாற்றியாயிற்று, அப்போ இன்ஜினுக்குள் டீசலைப் பீச்சும் நாசில்தான் என்று முடிவுகட்டி நான்கையும் கழற்றி டீசல் பம்ப் கடைக்குக் கொண்டுபோனேன். இரண்டு ஒழுகத்தான் செய்தன, பொய் சொல்லக் கூடாது. புது நாசில் போட்டு, பிரஷர் வைத்து மாட்டினால் 2.8. இன்னமும் ஃபெயில். அடுத்து பம்பையே இறக்கலாம் என்றார்கள்.

பட்டறை வாசலில் உட்கார்ந்திருந்த ஒரு பழைய லாரி டிரைவர்தான் கேட்டார். "நாசிலைக் கழட்டினே சரி தம்பி, அது மூச்சு வாங்குற குழாயைப் பாத்தியா?"

அவர் சொன்னது ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து இன்டேக் மேனிஃபோல்டுக்கு, அதாவது இன்ஜினுக்குக் காற்று நுழையும் வாய்க்குப் போகும் ரப்பர் ஹோஸ். பார்த்திருந்தேன். வெடிப்பு இல்லை, கிளாம்ப் இறுக்கம், வெளியே புதிதுபோலப் பளபளவென்று இருந்தது. இரண்டு வருடம் முன்னால் ரோட்டோரக் கடையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கி மாட்டியது.

அவர் என்னை ஏறி ரேஸ் கொடுக்கச் சொல்லிவிட்டுப் பானெட்டுக்குள் பார்த்தார். அப்புறம் அவர் ஏறினார், நான் பார்த்தேன். ஐடிலில் ஹோஸ் அசையவில்லை. முழுக்க மிதித்ததும் நடுப்பகுதி அப்படியே உள்ளே அமுங்கியது. இளநீர் தீர்ந்த பிறகும் உறிஞ்சினால் ஸ்ட்ரா ஒட்டிக்கொள்ளுமே, அதேபோல. காலை எடுத்ததும் பழையபடி உருண்டையாகிவிட்டது. இன்ஜினை நிறுத்திவிட்டுப் பார்த்தால் இந்தக் கோளாறு கண்ணில் படவே படாது. டெஸ்டிலோ முழு மிதிதான் மிதிக்கிறார்கள்.

கழற்றி விரலை விட்டேன். உள் அடுக்கு ஒரு பக்கம் உரிந்து நாக்குபோலத் தொங்கியது. இன்ஜின் ஆவியை வெளியே விடும் பிரீதர் குழாயிலிருந்து வரும் ஆயில் ஆவி பட்டுப் பட்டு ரப்பர் ஊறியிருந்தது. அமுங்காமல் தாங்க உள்ளே கம்பிச் சுருளும் இல்லை.

நீங்கள் செய்யவேண்டியது இது. வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்தி, நியூட்ரல், ஹேண்ட் பிரேக், சக்கரத்துக்குக் கல். ஒருவர் மிதிக்க, இன்னொருவர் ஃபேனுக்கும் பெல்ட்டுக்கும் தள்ளி நின்று ஹோஸைப் பார்க்க வேண்டும். துண்டு, லுங்கி நுனி எதுவும் தொங்கக் கூடாது. அமுங்கவில்லை என்றாலும் நிறுத்திய பிறகு கழற்றி உள்ளே விரல் விட்டுப் பாருங்கள். வாங்கும்போது கம்பி வைத்த ஹோஸாகக் கேளுங்கள். கட்டைவிரலால் அழுத்தினால் எளிதில் நசுங்கினால், அதைக் கடைக்காரரிடமே கொடுத்துவிடுங்கள். கிளாம்பும் திருகு வைத்ததுதான். கட்டுக்கம்பி சுற்றும் பழக்கம் வேண்டாம்.

புது ஹோஸ் போட்டதும் 1.9. நாசிலைத் தொடாமலே 2.45-க்குள் வந்திருக்குமா என்று கேட்டால், வந்திருக்கலாம். இப்போது பின்னால் போய்ப் பார்க்க வழியில்லை.

அதற்குப் பிறகும் புகை என்றால்

அப்போது நாசில். பழைய காப்பர் வாஷரைத் திரும்பப் போடாதீர்கள், நாலும் புதிது. மாட்டியதும் டீசல் குழாயில் புகுந்த ஏரை எடுத்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். டேப்பட், டைமிங் எல்லாம் மெக்கானிக் கையில் விடுவது நல்லது.

பம்பில் டீசல் அளவு ஸ்க்ரூவுக்குப் போட்ட சீல் அறுந்திருக்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள். "மேட்டில் இழுக்க மாட்டேங்குது" என்று யாராவது ஸ்க்ரூவைத் திருப்பி டீசலைக் கூட்டியிருப்பார்கள். அதைப் பம்ப் கடையில் டெஸ்ட் பெஞ்சில் வைத்துத்தான் சரிசெய்ய வேண்டும். டெஸ்டுக்கு மட்டும் குறைத்து, சான்று வாங்கியதும் கூட்டிவிடலாம் என்று ஒருவர் எனக்கும் யோசனை சொன்னார். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அந்தக் கூத்தை யார் ஆடுவது?

டீசலில் ஊற்றும் பாட்டில் மருந்து? நான் இரண்டு வாங்கினேன். பாட்டில் நன்றாக இருந்தது, இப்போது அதில் கூலன்ட் வைத்திருக்கிறேன்.

டெஸ்ட் அன்றைக்கு

இன்ஜின் ஆயில் 60 டிகிரியாவது இருக்க வேண்டும். டெம்பரேச்சர் முள்ளை நம்பாதீர்கள். தண்ணீர் சூடான பிறகும் ஆயில் சூடாக நேரமெடுக்கும். நான் பழனி ரோட்டில் அரை லோடோடு 20 கிலோமீட்டர் மூன்றாவது கியரில் உறுமவிட்டுத் திரும்பினேன். சைலன்சர் கரியும் கொஞ்சம் பறந்தது. வந்ததும் நேராக டெஸ்டுக்கு விடுங்கள். டீ குடிக்கப் போய் அரைமணி நேரம் ஐடிலில் போடாதீர்கள்.

பிறகு சேர்த்தது

பிஎஸ் 4 காமன் ரயில் (கம்ப்யூட்டர் டீசலைப் பீச்சும் வகை) பிக்கப்புக்கு இது சரிவருமா என்று இரண்டு பேர் கேட்டார்கள். ஹோஸ், ஃபில்டர் வரை சரி. அதற்கு மேல் ஸ்கேனர் போட்டுப் பாருங்கள். புகையில் கொஞ்சத்தைத் திரும்ப இன்ஜினுக்கு அனுப்பும் இஜிஆர் வால்வில் கரி அடைத்திருக்க வாய்ப்பு அதிகம். டர்போ இருந்தால் டர்போவுக்குப் பிறகு வரும் ஹோஸ் அமுங்காது, ஊதும். அங்கே ஆயில் கசிந்த தடமும் உஸ் என்ற சத்தமும்தான் அடையாளம்.

இன்னொருவர் எல்லாம் மாற்றியும் 2.9-ல் நின்றார். கடைசியில் சைலன்சரின் பின்குழாய் எங்கோ கல்லில் இடித்துப் பாதி நசுங்கியிருந்தது. குனிந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

என் ஹோஸ் மாட்டி எட்டு மாதம் ஆகிறது. இந்த வாரம் கழற்றி விரல் விட்டுப் பார்த்தேன். உள்ளே கெட்டியாகத்தான் இருக்கிறது. பிரீதர் சேரும் இடத்தில் மட்டும் கொஞ்சம் பிசுபிசுப்பு. துடைத்து மாட்டிவிட்டேன்.