டக்காரில் துணி எடுக்கும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

செனகலின் தலைநகர் டக்காருக்குப் போகிறவர்கள் செய்யும் முதல் தவறு, கடைக்குள் நுழைந்ததுமே "இது என்ன விலை?" என்று கேட்பது. முதலில் "சலாம் அலேக்கும்". அப்புறம் வோலோஃப் மொழியில் "நங்க தெஃப்?", அதாவது எப்படி இருக்கீங்க. "மாங்கி ஃபி ரெக்" என்று பதில் வரும்: இங்கேதான் இருக்கேன். வீட்டில் எல்லாரும் நலமா என்று அவர்கள் கேட்பார்கள், நீங்களும் கேட்க வேண்டும். மொத்தமே ஒரு நிமிடம்தான். அந்த ஒரு நிமிடத்தைக் கொடுக்காதவர் என்ன பேரம் பேசினாலும் அந்த ஊரில் மரியாதை தெரியாதவர்தான்.

அடுத்தது எண்ணிக்கையில் வரும் குழப்பம். பணம் சிஎஃப்ஏ ஃபிராங்க். ஆனால் வோலோஃபில் விலை சொல்லும்போது ஐந்து ஃபிராங்கை ஒரு 'தெரெம்' என்று வைத்து எண்ணுவார்கள். 'ஜுன்னி' என்றால் ஆயிரம், சரி. ஆனால் ஆயிரம் தெரெம், அதாவது 5,000 ஃபிராங்க். 'தேமேர்' என்றால் நூறு, நீங்கள் தர வேண்டியது 500. நாலு வார்த்தை கற்றுக்கொண்டு போகிறவர்தான் இங்கே அதிகம் சிக்குவார். கடைக்காரர் ஏமாற்றுவதாக நினைத்துச் சண்டைக்குப் போகாதீர்கள்.

துணிக்கு எச்.எல்.எம். சந்தைக்குப் போங்கள். விடுதிக்குப் பக்கத்தில் தொங்கும் தைத்த சட்டையை வாங்கிக்கொண்டு திரும்புவது பெரிய இழப்பு. சந்தையில் கண்ணைப் பறிப்பது மெழுகு அச்சுத் துணி. அதுதான் 'அசல் ஆப்பிரிக்கத் துணி' என்று பலரும் நம்புகிறார்கள். ஜாவாவின் பாத்திக் துணியை 19ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் இயந்திரத்தில் போலச்செய்ததில் தொடங்கிய சரக்கு அது. அதனால் அது போலி என்று நான் சொல்ல வரவில்லை. பல தலைமுறைகளாக உடுத்தி, பண்டிகைக்கும் கல்யாணத்துக்கும் எடுத்து, மேற்கு ஆப்பிரிக்கப் பெண்கள் அதைத் தங்களுடையதாக்கிவிட்டார்கள். துணியின் ஊரைத் தேடிப் போனால் நம் ஊருக்கே வந்து சேர வேண்டியிருக்கும். பாண்டிச்சேரியில் நெய்து நீலச்சாயம் ஏற்றிய 'கினே' துணியைக் கப்பலில் கொண்டுபோய், செனகல் ஆற்றங்கரையில் வேலம்பிசினுக்கு மாற்றாகக் கொடுத்தார்கள் பிரெஞ்சு வணிகர்கள். அங்கே அந்தத் துணி காசு மாதிரியே புழங்கியது. இது எனக்குத் தெரிய வந்த பிறகு எச்.எல்.எம். சந்தையில் எந்த நீலத்தைப் பார்த்தாலும் கை தானாகப் போய்த் தொட்டுவிடும்.

டக்கார்காரர்கள் விசேஷத்துக்கு உடுத்துவது பெரும்பாலும் பாஸேன். வெளிநாட்டிலிருந்து வெள்ளையாக வரும் பூவேலை நெசவுத் துணி. அதற்குக் கையால் சாயம் தோய்ப்பதில் பக்கத்து நாடான மாலிக்காரர்கள் கெட்டி. சாயம் காய்ந்ததும் கஞ்சி ஏற்றி மடித்து, மரக்கட்டையில் வைத்து, இருவர் எதிரெதிரே உட்கார்ந்து கனத்த உருளைக் கட்டைகளால் மாறி மாறி அடிப்பார்கள். அந்தத் தாளம் தெருமுனை வரை கேட்கும். அடிக்க அடிக்கத்தான் துணியில் பளபளப்பு ஏறும், நடக்கும்போது சலசலக்கும். ஊருக்குத் திரும்பி வாஷிங் மெஷினில் போட்டால் அத்தனை உழைப்பும் ஒரே அலசலில் போய்விடும்.

துணி எடுத்தாயிற்று, இனி டெய்லர். தீபாவளிக்கு முந்தின வாரம் நம் டெய்லர் கடை எப்படி இருக்கும்? பக்ரீத்துக்கு முன்னால் டக்கார் அப்படித்தான் இருக்கும். அங்கே அதை தபாஸ்கி என்பார்கள். விடிய விடிய மெஷின் ஓடும். அந்த நாட்களில் போய்ப் புதுத்துணி கொடுப்பது வீண். மற்ற நாட்களிலும் ஊரை விட்டுக் கிளம்பும் தேதிக்கு மூன்று நாள் முன்னால் கொடுக்காதீர்கள். டக்காரின் மெதினா பகுதியில் ஒரு டெய்லரிடம் நான் அப்படித்தான் கொடுத்தேன். பூபூ என்னும் அந்தப் பெரிய அங்கியின் கழுத்தைச் சுற்றி வரும் நூல்வேலை பாதியில் நின்ற நிலையில்தான் வாங்கி வர முடிந்தது. அவசரப்படுத்தியது நான்தான், அவர் மேல் குறை இல்லை. இறங்கின முதல் நாளே துணியைக் கொடுத்துவிட்டு, நடுவில் ஒருமுறை போட்டுப் பார்க்கப் போங்கள்.

ஒட்டுத்துணி அங்கியும் சடைமுடியுமாகத் தெருவில் நடப்பவர்களைப் பார்த்து, ஜமைக்காவின் ரஸ்தாஃபாரி வழிக்காரர்கள் என்று நினைத்து அதே மாதிரி உடை கேட்கிறார்கள் சிலர். அவர்கள் பாய் ஃபால்கள், முரீத் என்னும் சூஃபி வழியில் ஷேக் இப்ரா ஃபாலைப் பின்பற்றுகிறவர்கள். காவி வேட்டியை வேஷத்துக்குக் கட்டினால் நமக்கு எப்படி இருக்கும்? அப்படித்தான் அதுவும். கேட்காமல் படம் எடுப்பதும் வேண்டாம்.

யாராவது வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டால் கட்டாயம் போங்கள். பெரிய தட்டில் செபு ஜென் வரும்: மீன், காய்கறி, சோறு. 2021இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த சமையல் அது. அரிசி நொய். நாம் கஞ்சிக்கு ஒதுக்கும் நொய்தான் அங்கே விருந்து. கையால் சாப்பிடத் தெரியும் என்ற தைரியத்தில் நாம் செய்யும் தவறு, தட்டின் நடுவிலிருக்கும் மீனுக்குக் கையை நீட்டுவது. உங்களுக்கு நேரே உள்ள பகுதி மட்டும்தான் உங்களுடையது. வீட்டு அம்மா மீனையும் காயையும் பிய்த்து உங்கள் பக்கம் தள்ளிக்கொண்டே இருப்பார். அடிப்பிடித்த காந்தலைச் சுரண்டித் தனியாக வைத்தால் அது பிரியம். சைவக்காரர்கள் மீனை மட்டும் ஒதுக்கினால் போதாது, சோறே மீன் சாற்றில்தான் வேகிறது. முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். காலையில் ரொட்டிக்குள் வைத்துத் தரும் காராமணிக் குழம்பான 'ந்தம்பே'யை விசாரித்துச் சாப்பிடலாம்.

சாப்பிட்டதும் அத்தாயா வரும். பச்சைத் தேயிலையைக் கரி அடுப்பில் காய்ச்சி, உயரத்திலிருந்து ஆற்றி நுரை எழுப்பி, மூன்று சுற்று தருவார்கள். முதல் கிளாஸ் கசக்கும், போகப் போக இனிக்கும். முதல் கிளாஸோடு எழுந்திருக்காதீர்கள். அந்த வீட்டுக் கதையெல்லாம் இரண்டாவது கிளாஸுக்கு அப்புறம்தான் வெளியே வரும்.

லாம்ப் என்னும் மல்யுத்தத்துக்கும் சரியாகப் போட்டி நேரத்துக்குப் போகக் கூடாது. சில போட்டிகள் நொடிகளில் முடிந்துவிடும். அதற்கு முன் மணிக்கணக்காக நடக்கும் பறையடி, ஆட்டம், வீரர் தன் புகழைத் தானே பாடும் 'பக்', தாயத்து நீர் ஊற்றிக்கொள்வது, இவைதான் பார்க்க வேண்டியவை. இசை அரங்குகள் இதற்கு நேர்மாறு. நள்ளிரவுக்கு முன் போனால் காலி நாற்காலிதான் இருக்கும்.

கடைசியாக 'சுவேர்', கண்ணாடி ஓவியம். பலர் இதைக் கண்ணாடி போட்ட படம் என்று நினைத்து வாங்குகிறார்கள். உண்மையில் கண்ணாடியின் பின்பக்கத்திலேயே வரைந்தது. கோடும் கண்ணும் நகையும் முதலில், முகத்தின் நிறம் அடுத்து, பின்னணி கடைசியில். எல்லாம் தலைகீழ் வரிசை, தப்பினால் மேலே பூசித் திருத்த முடியாது. வாங்குமுன் திருப்பிப் பாருங்கள், ஆனால் விரலால் தேய்க்காதீர்கள், வண்ணம் உரியும். பெட்டியில் போடாமல் கைப்பையில் எடுத்து வாருங்கள். சுற்றிக்கொள்ளத்தான் எச்.எல்.எம். துணி இருக்கிறதே.