உயர்விலை லேப்டாப் உங்கள் தொழிலுக்குத் தாங்குமா? வாங்கும் முன்பும் வாங்கிய வாரமும் செய்ய வேண்டிய சோதனைகள்

படத்தொகுப்பு என் தொழில். பெரும்பாலும் ஆவணப்படங்கள். படப்பிடிப்புக் குழுவோடு கூடவே போய், அன்றன்று எடுத்ததை அன்றிரவே லேப்டாப்பில் ஏற்றிச் சரிபார்ப்பதும் என் பொறுப்பு. அதனால் புதிய மாடல் ஒன்று வெளியானதும் துறை நண்பர்கள் என்னைக் கேட்பார்கள்: "பெயரில் 'ப்ரோ' என்று போட்டிருக்கிறார்களே, உண்மையிலேயே நம்மைப் போன்றவர்களுக்காகச் செய்ததுதானா?"

அவர்களுடைய சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது. 2016 அக்டோபரில் ஆப்பிள் அறிமுகப்படுத்திய டச் பார் மேக்புக் ப்ரோவில் எஸ்டி கார்டு ஸ்லாட் இல்லை, எச்டிஎம்ஐ இல்லை, வழக்கமான யுஎஸ்பி போர்ட்டும் இல்லை. எஸ்கேப் விசைகூடத் தொடுதிரைப் பட்டைக்குள் போய்விட்டது. ஓடிக்கொண்டிருக்கும் வேலையைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகமான ரேம், 16 ஜிபியோடு நின்றது. அந்தத் தலைமுறையின் 'பட்டர்ஃப்ளை' என்ற மெல்லிய வகை கீபோர்டுக்கு 2018-இல் தனியாக ஓர் இலவசப் பழுதுபார்ப்புத் திட்டமே அறிவிக்க வேண்டியதாயிற்று. 2019 இறுதியில் வந்த 16 அங்குல மாடலில்தான் பழைய வகை விசைகள் திரும்பின. கார்டு ஸ்லாட்டும் எச்டிஎம்ஐயும் திரும்ப 2021 ஆகிவிட்டது. மற்ற நிறுவனங்களும் இந்தப் பாதையில் நடந்தவைதாம். 2022-இல் டெல் வெளியிட்ட எக்ஸ்பிஎஸ் 13 பிளஸில் ஹெட்ஃபோன் ஜாக்கே கிடையாது. நாள் முழுக்க காதில் ஹெட்ஃபோனோடு உட்கார்ந்திருக்கும் என்னைப் போன்றவர்களுக்கு அந்த ஒன்றே போதும், அந்தக் கணினியைத் தள்ளிவைக்க.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். இன்றைய உயர்விலை லேப்டாப்புகள் பல, தொழில்முறை வேலையை நன்றாகவே தாங்குகின்றன. ஆனால் யாருடைய வேலையை என்பதை மூடியில் அச்சிட்ட பெயர் சொல்லாது. விமர்சகர்கள் தங்கள் வேலையை ஓட்டிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறார்கள். உங்கள் வேலையை ஓட்டிப் பார்க்க உங்களால்தான் முடியும். அதை எப்படிச் செய்வது என்று எழுதுகிறேன்.

முதலில் ஒரு தாளை எடுங்கள்

கடைக்குப் போகும் முன், உங்கள் வேலையிலேயே மிகக் கடினமான ஒரு மணி நேரத்தை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். சராசரி நாளை எழுத வேண்டாம். சராசரி நாளை எந்த லேப்டாப்பும் தாங்கும். கணினி திணறி, நீங்கள் கைகட்டிக் காத்திருந்த அந்த ஒரு மணி நேரம்தான் வேண்டும். என் தாளில் இருப்பவை ஏழு வரிகள். இரண்டு மெமரி கார்டுகளை ஒரே நேரத்தில் இரண்டு வெளி எஸ்எஸ்டிகளுக்கு (கோப்புகளைச் சேமித்துவைக்கும் வேகமான சேமிப்பகங்கள்) நகலெடுப்பது முதல் வரி. நாற்பது நிமிடப் படத்தை வண்ணத் திருத்தத்தோடு ஏற்றுமதி செய்வது, அதாவது முடித்த படமாக ஒரே கோப்பில் வெளியெடுப்பது, மூன்றாவது. அந்த ஏற்றுமதி ஓடும்போதே ஒலிப்பதிவைக் கேட்டுக் குறிப்பெடுப்பது நான்காவது. உங்கள் தாளில் பெரிய கட்டட வரைபடம் இருக்கலாம், பல லட்சம் வரிகள் கொண்ட நிரலைத் தொகுப்பது இருக்கலாம். எத்தனை ஜிபி, எத்தனை நிமிடம், எத்தனை திரை என்று எண்களோடு எழுதுங்கள்.

பிறகு, இப்போது உங்களிடம் இருக்கும் கணினியிலேயே அந்த ஒரு மணி நேரத்தை ஓட்டுங்கள். விண்டோஸில் டாஸ்க் மேனேஜரையும் மேக்கில் ஆக்டிவிட்டி மானிட்டரையும் திறந்து வைத்து, ரேம் பயன்பாடு எட்டும் உச்சத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மேக்கில் மெமரி பிரஷர் வரைபடம் மஞ்சளுக்கோ சிவப்புக்கோ போனால் ரேம் போதவில்லை என்று பொருள். அந்த நேரத்தில் கணினி எஸ்எஸ்டியை ரேமுக்குப் பதிலாகக் கடன் வாங்கிக்கொண்டிருக்கிறது.

ரேமை வாங்கும் நாளிலேயே முடிவு செய்துவிடுங்கள்

மெல்லிய லேப்டாப்புகள் பெரும்பாலானவற்றில் ரேம் மதர்போர்டோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டிருக்கும். பின்னால் கூட்ட முடியாது. இதை நிறுவனங்களின் பேராசை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. குறைந்த மின்சாரத்தில் வேகமாக ஓடும் எல்பிடிடிஆர் வகை ரேம், ப்ராசஸருக்கு மிக அருகில் இருந்தாக வேண்டும். 2024-இல் வந்த இன்டெல் கோர் அல்ட்ரா 200வி வரிசையில் ரேம் ப்ராசஸரோடு ஒரே பொதிக்குள்ளேயே இருக்கிறது. உச்சவரம்பு 32 ஜிபி. அதே ஆண்டு லெனோவோ திங்க்பேட் பி1 ஏழாம் தலைமுறையில் எல்பிகேம்2 என்ற, கழற்றி மாற்றக்கூடிய ரேம் அட்டை வந்தது. மற்றவர்களும் அதைப் பின்பற்ற வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். அதுவரை, நீங்கள் குறித்த உச்சத்தைப் போல ஒன்றரை மடங்கு கணக்கிட்டு, அதற்கு அடுத்த அளவை வாங்குங்கள்.

ரேம், சேமிப்பிடம் இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் போதும் என்றால் ரேமுக்குப் போடுங்கள். சேமிப்பிடத்தை வெளி எஸ்எஸ்டியால் ஈடுகட்டலாம், ரேமை எதனாலும் ஈடுகட்ட முடியாது. ஒரே ஓர் எச்சரிக்கை: மிகச் சிறிய எஸ்எஸ்டி சில சமயம் மெதுவான எஸ்எஸ்டியாகவும் இருக்கும். 2022-இல் வந்த எம்2 மேக்புக் ஏரின் 256 ஜிபி மாடலில் ஒற்றை நினைவகச் சிப்தான் இருந்தது. அதனால் முந்தைய தலைமுறையைவிட வேகம் குறைந்தது.

முப்பது நிமிடம் ஓட விடுங்கள்

எல்லா லேப்டாப்பும் முதல் இரண்டு நிமிடம் வேகமாகத்தான் ஓடும். சூடு ஏறிய பிறகுதான் அதன் குணம் தெரியும். முன்பு நான் வைத்திருந்த ஒரு மெல்லிய கணினியில் ஏற்றுமதி தொடங்கும்போது "இன்னும் 18 நிமிடம்" என்று காட்டும். பத்தாவது நிமிடத்தில் பார்த்தால் அப்போதும் பதினைந்து என்றே காட்டும். முடியும்போது அரை மணி நேரம் தாண்டியிருக்கும். சூட்டைத் தணிக்க ப்ராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்வதால் வரும் வினை இது. எனவே உங்கள் கனமான வேலையை முப்பது நிமிடம் திரும்பத் திரும்ப ஓட்டி, முதல் சுற்றின் நேரத்தையும் கடைசிச் சுற்றின் நேரத்தையும் எழுதிவையுங்கள். பத்து சதவீத வித்தியாசத்தை நான் பொறுத்துக்கொள்வேன். மூன்றில் ஒரு பங்கு கூடினால் அந்தக் கணினி எனக்கு வேண்டாம்.

கிராஃபிக்ஸ் சிப்பின் பெயரை நம்பி மட்டும் வாங்காதீர்கள். ஆர்டிஎக்ஸ் 4070 லேப்டாப் சிப்பை 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எந்த அளவில் வேண்டுமானாலும் ஓட்ட என்விடியா இடம் கொடுத்திருக்கிறது. இரண்டு கணினிகளில் ஒரே பெயர் இருக்கும், வேகம் ஒன்றாக இருக்காது. எத்தனை வாட் என்பதை விவரக்குறிப்பில் தேடுங்கள். அங்கே இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள்.

அதே சோதனையைச் சார்ஜரைக் கழற்றிவிட்டும் ஒருமுறை செய்யுங்கள். விமானத்தில் தனி அனுமதியின்றிக் கொண்டுபோகக்கூடிய பேட்டரிக்கு வரம்பு பொதுவாக 100 வாட்-மணி. பெரிய லேப்டாப்புகளின் பேட்டரி அந்த அளவை ஒட்டியே நின்றுவிடுவதற்கு அதுதான் காரணம். கணக்குப் போடுங்கள்: கனமான வேலையில் 80 வாட் இழுக்கும் கணினி, 100 வாட்-மணி பேட்டரியில் ஒன்றேகால் மணி நேரம்தான் தாங்கும். பெட்டியில் போட்டிருக்கும் இருபது மணி நேரம் என்பது காணொளி பார்ப்பவருக்கான கணக்கு.

போர்ட்டும் கேபிளும்

இதில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஏனென்றால் என் தொழிலில் மிக மோசமான இரவு ஒரு கேபிளால் வந்தது.

படப்பிடிப்பு முடிந்து வரும்போது இரவு பதினொன்றரை. இரண்டு 256 ஜிபி கார்டுகள். விடியற்காலை நாலரைக்கு அதே கார்டுகள் காலியாக ஒளிப்பதிவாளர் கைக்குப் போக வேண்டும். லேப்டாப்பில் கார்டு ஸ்லாட் இல்லை. கார்டு ரீடரை யுஎஸ்பி-சி கேபிளில் செருகி நகலெடுக்கத் தொடங்கினேன். வழக்கமாக ஒரு கார்டுக்கு இருபது நிமிடம் ஆகும். திரையில் "ஒரு மணி 47 நிமிடம்" என்று வந்தது. ரீடரை மாற்றினேன், போர்ட்டை மாற்றினேன், கணினியை அணைத்துப் போட்டேன். நேரம் குறையவில்லை. ஒரு மணிக்கு மேல்தான் கேபிளைக் கவனித்தேன். லேப்டாப்போடு வந்த சார்ஜர் கேபிள் அது. தரவுக் கேபிளைவிடத் தடிமனாக, பார்க்க உறுதியாக இருந்ததால் நான் அதைச் சந்தேகிக்கவே இல்லை. சார்ஜ் செய்வதற்கென்று வரும் பல யுஎஸ்பி-சி கேபிள்கள் தரவை யுஎஸ்பி 2.0 வேகத்தில்தான் கடத்தும். அதாவது நொடிக்கு 480 மெகாபிட், நடைமுறையில் 40 மெகாபைட்டைத் தாண்டுவதே அரிது. கேபிளை மாற்றியதும் வேகம் ஆறு மடங்கானது.

அன்றிலிருந்து தரவுக் கேபிள்களின் இரு முனையிலும் சிவப்பு நூல் கட்டிவைத்திருக்கிறேன். நீங்களும் ஏதாவது ஓர் அடையாளம் வையுங்கள். போர்ட்டுகளுக்கும் இதே கதைதான். ஒரே வடிவத் துளைக்குள் 5 ஜிகாபிட்டும் இருக்கலாம், தண்டர்போல்ட் 4-இன் 40 ஜிகாபிட்டும் இருக்கலாம். ஒரே லேப்டாப்பின் இடப்பக்கப் போர்ட்டும் வலப்பக்கப் போர்ட்டும்கூட வேறுபடலாம். புதிய கணினி வந்ததும் ஒரே பெரிய கோப்பை ஒவ்வொரு போர்ட் வழியாகவும் நகலெடுத்து நேரத்தைக் குறியுங்கள். வெளித்திரைகள் எத்தனை இணையும் என்பதையும் பாருங்கள். 2020-இல் வந்த எம்1 மேக்புக் ப்ரோவில் ஒரே ஒரு வெளித்திரைக்குத்தான் ஆதரவு இருந்தது. இரண்டு திரை வைத்து வேலை செய்த பலர் வாங்கிய பிறகே அதை உணர்ந்தார்கள்.

கீபோர்டுக்கும் திரைக்கும் நீண்ட சோதனை தேவையில்லை. கடையிலேயே நின்று இரண்டு பக்கம் தட்டச்சு செய்யுங்கள். சன்னலுக்கு எதிரே வைத்து ஓர் இருண்ட படத்தைப் பாருங்கள். உங்கள் முகம் தெரிந்தால் வெளியிடங்களில் சிரமம்தான்.

மென்பொருளைவிட, வெளிக் கருவிகளைக் கணினியோடு பேசவைக்கும் சிறு நிரலான டிரைவரைக் கவனியுங்கள். இன்டெல், ஏஎம்டி சிப்புகளிலிருந்து மாறுபட்ட ஆர்ம் வகை சிப் உள்ள விண்டோஸ் லேப்டாப்புகளில் பழைய மென்பொருள்கள் பல, மாற்று அடுக்கு ஒன்றின் வழியாக ஓடிவிடும். ஆடியோ இன்டர்ஃபேஸ், ஸ்கேனர், உரிமச் சாவிக்கான டாங்கிள் போன்றவற்றின் டிரைவர்கள் அப்படி ஓடாது. ஆர்முக்கென்றே எழுதப்பட்ட டிரைவர் வேண்டும். நீங்கள் செருகும் ஒவ்வொரு கருவிக்கும் அது இருக்கிறதா என்று தயாரிப்பாளரின் தளத்தில் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

உங்கள் கணினி மேசையை விட்டு நகர்வதே இல்லையென்றால், இதே பணத்துக்கு மேசைக் கணினி வாங்குங்கள். சூடு, ரேம், போர்ட் என்று மேலே சொன்ன தொல்லைகளில் பெரும்பாலானவை அதில் இல்லை.

வாங்கியதும், திருப்பிக் கொடுக்கும் கெடு எத்தனை நாள் என்று ரசீதில் பார்த்து, அதற்குள் தாளில் உள்ள எல்லா வரிகளையும் ஓட்டிவிடுங்கள். அட்டைப்பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள். சென்ற முறை நான் முதலில் வாங்கியதை ஆறாம் நாள் திருப்பிக் கொடுத்தேன். ஏழு வரிகளில் ஆறு தேறின. ஏற்றுமதியின் இருபதாவது நிமிடத்தில் மின்விசிறியின் இரைச்சல் ஹெட்ஃபோனையும் மீறிக் கேட்டது. நான்காவது வரி அதோடு போயிற்று. இப்போது வைத்திருப்பது அதைவிட அரைக் கிலோ கனம் கூடியது. தோளுக்குச் சுமைதான், ஆனால் ஏழு வரியும் ஓடுகிறது.